சாரலுக்கு இரண்டு சர்க்கார்

‘மலைக்கு இப்பால்’ – தென்காசி வட்டார வரலாற்றுத் தொடர்: 11

குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பரோட்டா தின்னப் போகிறவர்கள் ‘பிரானூர் பார்டர்’ என்ற பெயரைக் கேட்டுப் பழகிவிட்டார்கள். அங்கே எந்த மாநில எல்லையும் இல்லை. கேரள எல்லை இன்னும் மேற்கே, புளியரையைத் தாண்டி மலை வளைவுகளுக்குள் இருக்கிறது. ஆனால் 1956 நவம்பர் 1 வரை பிரானூர்தான் உண்மையான எல்லை. அதற்குக் கிழக்கே தென்காசியும் குற்றாலமும் சென்னை ஆட்சியில். மேற்கே செங்கோட்டை திருவிதாங்கூர் ஆட்சியில். பேரருவியிலிருந்து செங்கோட்டைக் கடைத்தெருவுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள்தான். ஒரே மலை, ஒரே சாரல், ஒரே பேச்சு. சர்க்கார் மட்டும் இரண்டு.

இந்த எல்லையைத் தாண்டி வாஞ்சிநாதனும் அவருடைய தோழர்களும் எப்படிப் போய் வந்தார்கள் என்று சென்ற பகுதியில் பார்த்தோம். செங்கோட்டையில் பிறந்து, புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்த ஒருவர், 1911 ஜூன் 17 அன்று ஆங்கிலேய இந்தியாவின் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். இரண்டு ஆட்சிகளின் தையலில் வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தையலில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று தெரிந்திருந்தது. புரட்சிக்காரர்களின் கதை அது. இந்தப் பகுதி சாதாரணக் குடிமக்களின் கதை. கடிதம் போட்டவர், புகையிலை மூட்டை ஏற்றியவர், நிலத்துக்கு வரி கட்டியவர், வழக்குக்காகக் கோர்ட்டுப் படி ஏறியவர் ஆகியோரின் கதை. பல மொழிகள், பல ஆட்சிகள் சேர்ந்து ஓர் ஒன்றியமாகும்போது அதன் அலுவலகங்கள் இவர்களுக்கு எப்படிப் பயன்பட்டன, எங்கே கைவிட்டன என்பதுதான் இங்கே கேள்வி. தலைநகரில் உட்கார்ந்து ஓர் ஒன்றியத்தை எடைபோட முடியாது. எல்லையோரத்து ஊரில் அதன் அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நின்றுதான் எடைபோட வேண்டும்.

சுங்கம் விலகிய 1865

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதி வரை, ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் போன ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கம் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேற்கே போனது துணி, புகையிலை, கால்நடை. மலையாளக் கரையிலிருந்து கிழக்கே வந்தது மிளகு, பாக்கு, தேங்காய், மரம். மிளகும் புகையிலையும் திருவிதாங்கூரில் அரசின் தனி வணிகம். வெளியாள் அவற்றைத் தொட்டால் அது கடத்தல். இப்படி அரசே வியாபாரியாக இருக்கும் இடத்தில் கள்ளச் சரக்கு மலை ஏறுவது இயல்பு. அதைத் தடுக்கக் கணவாய்க்குக் கணவாய் சாவடியும் காவலும் வைக்க வேண்டியிருந்தது.

1858 முதல் 1872 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்த டி. மாதவராவ் இந்த முறையைக் கலைத்தார். மிளகு, புகையிலைத் தனி வணிகங்கள் 1860-களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தன. 1865-ல் ஆங்கிலேய இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றும் ஒரு வணிக உடன்பாடு செய்துகொண்டன. மூன்றுக்கும் இடையே போகும் சரக்குகளுக்குச் சுங்கம் இல்லை. கடல் கடந்து வரும் சரக்குகளுக்கு மூன்று பகுதித் துறைமுகங்களிலும் ஒரே விகிதத்தில் வரி. உப்பு விலையைத் திருவிதாங்கூர் ஆங்கிலேய இந்தியாவின் விலைக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும். சுங்க வருமானம் குறைந்தால் இரு சமஸ்தானங்களுக்கும் ஆங்கிலேய அரசு ஈடு தரும். புகையிலை, உப்பு, அபினி மட்டும் இந்தச் சலுகைக்கு வெளியே நின்றன.

ஐரோப்பாவில் ஜெர்மன் சிற்றரசுகள் 1834-ல் இப்படி ஒரு சுங்க ஒன்றியம் அமைத்தன. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1957-ல் ரோமில் ஒப்பந்தம் போட்டு, 1968 ஜூலையில் உறுப்பு நாடுகளுக்குள் சுங்கத்தை எடுத்து, வெளிச் சரக்குக்கு ஒரே விகிதத்தை நடைமுறைப்படுத்தியது. உள்ளே சுங்கம் நீக்கம், வெளியே பொது வரி என்ற அதே ஏற்பாடு ஆரியங்காவுக் கணவாயில் அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே நடைமுறையில் இருந்தது. ஆனால் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ரோமில் சம உரிமையுள்ள ஆறு நாடுகள் கையெழுத்துப் போட்டன. 1865-ல் ஒரு தரப்பு மேலாதிக்க அரசு, மற்ற இரண்டும் அதன் நிழலில் நின்ற சமஸ்தானங்கள். உடன்பாட்டைப் பற்றி வரி கட்டியவர்களை யாரும் கேட்கவில்லை. உப்பு விலை ஏறியதில் அடிபட்டவர் ஏழைக் குடியானவர். மூட்டையோடு வழியில் நிற்க வேண்டியிராத வியாபாரிக்கு மட்டும் உடனடி லாபம்.

மலையைக் குடைந்த கம்பெனி

சுங்கம் போனாலும் மலை அப்படியே இருந்தது. திருநெல்வேலிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. கொல்லத்துக்கோ மாட்டு வண்டிதான் கதி. சென்னை அரசு, திருவிதாங்கூர் அரசு, தென்னிந்திய ரயில்வே கம்பெனி மூன்றும் சேர்ந்து திருநெல்வேலி – கொல்லம் மீட்டர் பாதையை எடுத்தன. தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை 1903-ல் வண்டி ஓடியது. அங்கிருந்து பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் வரையிலான பாதை 1904-ல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கங்களும் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலமும் அந்தக் காலத்துப் பெருவேலைகள்.

திருவிதாங்கூருக்குள் நுழைந்த முதல் ரயில் பாதை இதுதான். அது கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நீண்டது 1918-ல். அதனால் பல ஆண்டுகளுக்குத் திருவனந்தபுரத்துக்காரர் சென்னை போக வேண்டுமானால் செங்கோட்டையையும் தென்காசியையும் பார்க்காமல் போக முடியாது. 1927-ல் விருதுநகர் – தென்காசிப் பாதை வந்ததும் மதுரைக்கும் சென்னைக்கும் வழி சுருங்கியது. குற்றாலம் சீசன் ஊராகப் பெரிதாக வளர்ந்ததில் இந்தத் தண்டவாளங்களுக்குப் பெரிய பங்கு.

ரயில் பாதை ஓடிய நிலம் ஒரு விசித்திரமான நாடு. சமஸ்தானங்களுக்குள் ரயில் போகும் நிலத்தின் மீதான நீதி அதிகாரத்தை ஆங்கிலேய அரசு தன்னிடம் ஒப்படைக்கச் சொல்வது அக்காலத்துப் பொது வழக்கம். ரயில் பெட்டியில் நடந்த திருட்டை விசாரிக்க ஒவ்வொரு சமஸ்தானத்திலும் தனித்தனிக் கோர்ட்டு இருந்தால் ரயில் நிர்வாகம் நடக்காது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் வசதி இருந்தது. சமஸ்தானத்தின் உரிமையில் ஒரு துண்டு பறிபோனது. ஒன்றியம் என்று வந்தால் இந்தக் கணக்கு எப்போதும் உண்டு. பொது அலுவலகம் ஒன்று நிற்க வேண்டுமானால் யாரோ தம் அதிகாரத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும். மனமொப்பிக் கொடுத்தார்களா, கேட்டு வாங்கினார்களா, பிடுங்கினார்களா என்பதில்தான் ஓர் ஒன்றியத்துக்கும் பேரரசுக்கும் வித்தியாசம்.

இருபத்தெட்டரைச் சக்கரம்

ரயில் சேர்த்து வைத்த ஊர்களைப் பணம் பிரித்து வைத்திருந்தது. செங்கோட்டையில் பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம். தென்காசியில் புழங்கிய ஆங்கிலேய ரூபாய்க்குப் பதினாறு அணா. அந்த ரூபாயைச் செங்கோட்டையில் மாற்றினால் இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரம் மொத்த வியாபாரிக்குப் பொருட்டல்ல. தலைச்சுமையாகக் காய்கறி கொண்டுவந்து விற்கும் பெண்ணுக்கு அது கணிசமான காசு. இரண்டு நாணயத்தையும் மனக்கணக்கில் மாற்றத் தெரியாதவர் சந்தைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

தபாலும் அப்படித்தான். திருவிதாங்கூருக்கு ‘அஞ்சல்’ என்ற சொந்தத் தபால் துறை இருந்தது. கையில் மணி கட்டிய கோலோடு ஓடும் அஞ்சலோட்டக்காரருக்கு வழியில் எல்லோரும் ஒதுங்கி நிற்க வேண்டும். சங்கு பொறித்த அஞ்சல் தலைகள் 1888-ல் வெளிவந்தன. செங்கோட்டைக்காரர் திருவனந்தபுரத்துக்கு எழுதினால் சங்குத் தலை போதும். கூப்பிடு தூரத்துத் தென்காசியில் இருக்கும் சம்பந்திக்கு எழுத வேண்டுமானால் ஆங்கிலேயத் தபால் துறையிடம் போக வேண்டும், ராஜா தலை போட்ட ஸ்டாம்பு வாங்க வேண்டும். இத்தனைக்கும் உலக நாடுகள் 1874-ல் பெர்ன் நகரில் கூடி, கடிதப் போக்குவரத்துக்கு உலகம் முழுவதும் ஒரே பரப்பு என்ற கொள்கையை ஏற்றிருந்தன. இந்தியா அந்த ஒன்றியத்தில் 1876-லேயே சேர்ந்திருந்தது. லண்டனுக்கும் தென்காசிக்கும் நடுவே இல்லாத தபால் எல்லை தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே இருந்தது.

பொறுப்புகள் கைமாறிய ஐந்து வருடம்

1947 ஜூலை 25 அன்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் திருவனந்தபுரத்தில் தாக்கப்பட்டார். அடுத்த சில நாட்களில் மகாராஜா சித்திரைத் திருநாள் இந்திய ஒன்றியத்தில் சேரச் சம்மதித்தார். அப்போது ஒன்றியத்திடம் போனவை பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்று பொறுப்புகள்தான். அன்றாட வாழ்க்கையில் செங்கோட்டைக்காரருக்கு மறுநாளே எதுவும் மாறிவிடவில்லை. மாற்றம் துறை துறையாக வந்தது.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. சக்கரமும் காசும் புழக்கத்திலிருந்து விலகின. வி.டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1950 ஏப்ரல் 1 முதல் சுங்கம், வருமான வரி, மத்திய கலால் போன்றவை ஒன்றியத்தின் கைக்குப் போயின. அதனால் மாநிலத்துக்கு ஏற்பட்ட வருமான இடைவெளிக்கு மானியம் தர ஏற்பாடாயிற்று. 1951 ஏப்ரல் 1 அன்று அஞ்சல் துறை இந்தியத் தபால் தந்தித் துறையோடு இணைந்தது. அதே மாதம் 14-ம் தேதி தென்னிந்திய ரயில்வேயும் வேறு இரண்டு ரயில்வேக்களும் சேர்ந்து தெற்கு ரயில்வே பிறந்தது.

இந்த இணைப்புகள் அதிகச் சத்தமில்லாமல் நடந்ததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தேதி குறிக்கப்பட்டது. இழப்புக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. பழைய ஊழியர்கள் புதிய துறையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். குடிமகன் பழைய ஜன்னலுக்கே போனான். உள்ளே மட்டும் நிர்வாகம் மாறியிருந்தது. ஒன்றியத்தின் அலுவலகங்கள் நல்லபடி நடக்கும்போது அவற்றை யாரும் கவனிப்பதில்லை. தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டம் இன்றும் மாநில எல்லையைத் தாண்டிப் புனலூருக்கு அப்பாலும் நீள்கிறது. கேரள மண்ணில் இருக்கும் ஆரியங்காவு, தென்மலை நிலையங்கள் மதுரை நிர்வாகத்தில் இருப்பது பெரிய எல்லைப் பிரச்சினை ஆனதில்லை. 1972-ல் வந்த பின்கோடும் அப்படித்தான். செங்கோட்டை 627809, குற்றாலம் 627802. மலைக்கு மேற்கே 691-ல் தொடங்குகிறது. முதல் இலக்கமான 6 தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பொது.

கோடு மாறிய நாள்

மொழியும் ஆட்சியும்தான் சத்தம் போட்டன. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டத்தையும், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டையும் முன்பே எழுதிவிட்டேன். இங்கே அந்தக் கோரிக்கையை விசாரித்த அமைப்பைப் பார்ப்போம். 1953 டிசம்பரில் ஒன்றிய அரசு மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை நியமித்தது. நீதிபதி பசல் அலி தலைவர். எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் உறுப்பினர்கள். ஆணையத்துக்கு 1,52,250 மனுக்களும் ஆவணங்களும் வந்தன. உறுப்பினர்கள் 104 ஊர்களுக்குப் போனார்கள். ஒன்பதாயிரத்துக்கும் அதிகமானவர்களை நேரில் கேட்டார்கள். 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை தந்தார்கள்.

தெற்கே, பின்னர் கன்னியாகுமரி மாவட்டமான நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் என்பது பரிந்துரை. செங்கோட்டைக்கு இரண்டு காரணங்கள் வலுவாக நின்றன. மக்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. ஆனால் சட்டமாகி வந்தபோது தாலுகா முழுதும் வரவில்லை. கிழக்குப் பகுதி மட்டும் பிரிக்கப்பட்டுத் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆரியங்காவும் மேற்கு மலைக்காடுகளும் கேரளத்தில் நின்றன. எல்லை பிரானூரிலிருந்து மலைக்கு நகர்ந்தது.

அன்று வரை கொல்லம் மாவட்டத் தலைநகர், எர்ணாகுளம் உயர் நீதிமன்றம். 1956 நவம்பர் 1 முதல் திருநெல்வேலி மாவட்டத் தலைநகர், சென்னை உயர் நீதிமன்றம். கலெக்டர் கச்சேரி பக்கத்தில் வந்தது. ஹைகோர்ட்டு தூரம் போனது. அந்தத் தூரம் குறைய 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கச்சேரி இன்னும் கிட்ட வந்தது 2019 நவம்பர் 22 அன்று, தென்காசி தனி மாவட்டமான பிறகு.

கோடு மாறினால் சட்டம் தானாக மாறாது. மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 119-ம் பிரிவு, உரிய சட்டமன்றம் மாற்றும் வரை பழைய சட்டமே தொடரும் என்றது. ஆகவே செங்கோட்டை சென்னை மாநிலத்தில் இருந்தாலும் பல விஷயங்களில் திருவிதாங்கூர் சட்டமே அங்கே ஆண்டது. சென்னைச் சட்டமன்றம் 1957-லும் பிறகும் சட்ட விரிவாக்கச் சட்டங்கள் போட்டுத்தான் ஒவ்வொன்றாக மாற்றியது. நிலத் தீர்வைக்கு 1964-ல் தனிச் சட்டம். இந்தச் சட்டங்களில் ‘மாற்றப்பட்ட பகுதி’ என்றால் கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டைத் தாலுகாவும். அந்தச் சட்டப் பெயர் இன்றும் நீதிமன்றத் தீர்ப்புகளில் வருகிறது. அரசு ஊழியர்களுக்கும் ஒரு காப்பு இருந்தது. ஒன்றிய அரசின் முன் அனுமதி இல்லாமல் அவர்களுடைய பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றக்கூடாது என்று 115-ம் பிரிவு தடுத்தது. புதிய எசமானின் கையில் பழைய ஊழியர் நசுங்காமல் பார்த்துக்கொள்ள மூன்றாமவர் ஒருவர் தேவை. அந்த மூன்றாமவராக நிற்பதுதான் ஒன்றியத்தின் முதல் கடமை.

தன் மொழியில் ஒரு மனு

கோடு எங்கே போட்டாலும் இருபுறமும் மற்ற மொழிக்காரர் சிலர் இருப்பார்கள். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் தமிழர்கள் இருந்தார்கள்; இருக்கிறார்கள். 1964-ன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் பலர் புனலூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அதற்காகவே 1976-ல் மறுவாழ்வுத் தோட்டக் கழகம் என்ற நிறுவனம் பதிவாயிற்று. ஒன்றிய அரசும் கேரள அரசும் அதில் பங்காளிகள். ஒரு வெளிநாட்டு ஒப்பந்தத்தின் விளைவை மாநிலத்தின் தலையில் மட்டும் கட்டாமல் இருவரும் சேர்ந்து சுமந்த உதாரணம் இது.

மொழிச் சிறுபான்மையினருக்காக மாநிலச் சீரமைப்போடு சேர்ந்தே அரசியல் சட்டத்தின் ஏழாம் திருத்தம் வந்தது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு 350-அ. மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அதிகாரிக்கு 350-ஆ. அந்த ஆணையர் அலுவலகம் 1957-ல் தொடங்கியது. ஆணையர் விசாரிப்பார், குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தருவார், அது நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். மாநில அரசுக்கு உத்தரவிடும் அதிகாரம் மட்டும் அவருக்கு இல்லை. ஆகவே நல்ல அறிக்கைகள் சேர்ந்தன. அவற்றால் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் வந்தாரா என்பது மாநிலத்தின் மனதைப் பொறுத்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பே அரசியல் சட்டத்தில் 350-ம் பிரிவு இருக்கிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்தின் அல்லது மாநிலத்தின் எந்த அதிகாரிக்கும், அங்கே வழங்கும் எந்த மொழியிலும் யாரும் தரலாம். பதில் எந்த மொழியில் வர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது. அதன் அடிப்படை ஒப்பந்தத்தின்படி ஒரு குடிமகன் 24 ஆட்சிமொழிகளில் எதில் எழுதினாலும் அதே மொழியில் பதில் பெற உரிமை உண்டு. பதில் வராவிட்டாலோ நிர்வாகம் தவறினாலோ முறையிட 1995 முதல் ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அலுவலகங்களும் ஒரே ஊரில் குவியவில்லை. உணவுப் பாதுகாப்பு இத்தாலியின் பார்மாவில், எல்லைக் காவல் போலந்தின் வார்சாவில், ரயில்வே அமைப்பு பிரான்சின் வாலன்சியென்னில், மருந்து ஒப்புதல் ஆம்ஸ்டர்டாமில்.

அங்கேயும் எல்லாம் சரியாக இல்லை. ஸ்பெயினின் அலிகாண்டேயில் இருக்கும் வணிகச் சின்னப் பதிவு அலுவலகம் ஐந்து மொழிகளில்தான் இயங்குகிறது. டச்சு மொழிக்கும் இடம் கேட்டு ஒரு வழக்கறிஞர் போராடினார். 2003-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எல்லா மொழியையும் எல்லா இடத்திலும் நடத்தச் செலவு அதிகம் என்பது அலுவலகத்தின் நியாயம். செலவைக் காரணம் காட்டும்போது முதலில் வெட்டுப்படுவது சிறிய மொழி என்பது வரலாறு.

நம் ஊரில் இந்தக் கேள்வி மதுரைக்கு வந்தது. மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு ஒன்றிய அமைச்சகத்திலிருந்து இந்தியில் பதில் வந்தது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, எந்த மொழியில் மனு வந்ததோ அந்த மொழியில் பதில் தருவதே ஒன்றியத்தின் கடமை என்றது. 1976-ன் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்பது அந்த விதிகளின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தால், புளியரை விவசாயி என்ன செய்வார்?

சாவடி எடுத்த நாள்

1865-ல் விலகிய சுங்கம் விடுதலைக்குப் பின் விற்பனை வரி என்ற பெயரில் மலைக்குத் திரும்பியது. எல்லை நகர்ந்ததால் சாவடியும் பிரானூரைவிட்டு மேலே போனது. இப்பக்கம் புளியரை, அப்பக்கம் ஆரியங்காவு. சிமெண்டும் காய்கறியும் வைக்கோலும் ஏற்றிய லாரிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கணவாயில் காத்திருந்தன. இதைத் தீர்த்ததும் ஒரு பொது அமைப்புதான். 2016-ன் 101-வது திருத்தத்தால் சரக்கு சேவை வரி மன்றம் அமைந்தது. அதில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஒன்றியம் எதிர்த்தால் எதுவும் நிறைவேறாது. மாநிலங்கள் ஒன்று சேராமலும் நிறைவேறாது. 2017 ஜூலை 1 அன்று வரி நடைமுறைக்கு வந்தது, வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. காவல், வனம், கலால், கால்நடைச் சோதனைகள் தொடர்கின்றன. ஆரியங்காவில் கேரளப் பால்வளத் துறை தமிழ்நாட்டுப் பாலைச் சோதித்து அனுப்புகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குடிக்கும் பாலைச் சோதிப்பது அரசின் வேலை. ஆனால் பால் புறப்படும் ஊரிலேயே இரு மாநிலமும் ஏற்கும் ஒரே சோதனை நடந்தால், கணவாயில் பால் காத்திருக்க வேண்டாம்.

ரயிலும் ஒரு பாடம் சொன்னது. அகலப் பாதையாக்க 2010-ல் மூடிய புனலூர் – செங்கோட்டைப் பாதை 2018-ல்தான் திரும்பத் திறந்தது. ஒரே துறையின் கையில் இருந்த வேலை. இரு மாநிலச் சண்டை இல்லை. மலையும் சுரங்கமும் சிரமம்தான், அதை ஒப்புக்கொள்ளலாம். 1904-ல் மூவர் சேர்ந்து அமைத்த பாதைக்கு இத்தனை காலம் வண்டியில்லாமல் போனது, எல்லை ஊர்கள் தலைநகரங்களின் வரிசையில் எங்கே நிற்கின்றன என்று காட்டுகிறது.

தண்ணீருக்கு ஆள் இல்லை

மீதி இருப்பது தண்ணீர். மாநிலங்களைப் பிரித்த அதே சட்டம் மண்டலக் குழுக்களையும் அமைத்தது. ஒன்றிய உள்துறை அமைச்சர் தலைமையில் தென் மாநில முதல்வர்கள் உட்கார்ந்து பேச ஓர் இடம். அதே 1956-ல் மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்ச் சட்டமும் வந்தது. மண்டலக் குழு ஆலோசனை சொல்லலாம், கட்டளையிட முடியாது. 1982-ல் ஒன்றிய அரசு தேசிய நீர்வள மேம்பாட்டு முகமையை அமைத்தது. மேற்கே பாயும் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் நீரில் ஆண்டுக்கு 634 மில்லியன் கனமீட்டரை மலையைக் குடைந்து வைப்பாற்றுப் படுகைக்குக் கொண்டுவரும் திட்டத்தை அது ஆராய்ந்து, 1995-ல் சாத்தியக்கூறு அறிக்கை தந்தது. தென்காசிச் சீமை விவசாயிகள் அன்று முதல் அந்தத் திட்டத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேரளம் ஏற்கவில்லை. கோடையில் ஆற்று நீர் குறைந்தால் குட்டநாட்டில் கடல் நீர் ஏறும், உபரி நீர் என்று ஒன்று இல்லை என்பது அவர்கள் வாதம். அது லேசாகத் தள்ளிவிடும் வாதமில்லை. அதை விவசாயிகளுக்குமுன் வைத்து அளந்து, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் முடிவு சொல்ல நிலையான ஓர் அமைப்பு இல்லை என்பதுதான் குறை. காவிரிக்கு நடுவர் மன்றம் 1990-ல் வந்தும், தண்ணீரை அளந்து விடும் மேலாண்மை ஆணையம் அமைய 2018 ஆயிற்று.

ஒன்றரை நூற்றாண்டு எல்லை வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் தீர்ப்பு எளிது. சுங்கத்துக்கும் தபாலுக்கும் ரயிலுக்கும் நாணயத்துக்கும் பொது விதி, பொது நிதி, பொறுப்பான அலுவலகம் மூன்றும் அமைந்தன, எல்லை கரைந்தது. மொழிச் சிறுபான்மைக்கு அலுவலகம் கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை, பாதிதான் நடந்தது. இந்த மலைத் தண்ணீருக்கு ஆராயும் முகமை மட்டும் கிடைத்தது, எதுவும் நடக்கவில்லை. அலுவலகம் இல்லாத ஒற்றுமை மேடைப் பேச்சு. அதிகாரம் இல்லாத அலுவலகம் அறிக்கைக் கிடங்கு. மாநிலத்தின் சம்மதம் இல்லாத அதிகாரமோ பழைய ஆங்கிலேய ஆட்சியின் மறுபதிப்பு. இந்த மூன்று பள்ளத்திலும் விழாமல் நடப்பதற்குப் பெயர்தான் ஒன்றியம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரயில்வேக்கோ தபால் துறைக்கோ வருமான வரி அலுவலகத்துக்கோ எழுத வேண்டியிருந்தால் தமிழிலேயே எழுதுங்கள். மனுவின் மேல் ‘அரசியல் சட்டம் 350-ம் பிரிவின் கீழ்’ என்று குறிப்பிடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தாத உரிமையை எந்த அலுவலகமும் நினைவில் வைத்திருக்காது.

அடுத்த பகுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்ட வாசனைத் தோட்டங்களின் கதை.

(தொடரும்)